பதினைந்து அங்குல ஆண்பிள்ளைகள்

எங்கள் வயோமிங் மலைச்சரிவில் மாடுகளை விட்டால் அதிகமாகக் காணக் கிடைக்கும் உயிரினம் ஒன்றைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். இரண்டு காலில் நடக்கப் பிறந்தது. ஆனால் கூடுமானவரை நான்கு காலின்மேல் ஏறிக்கொண்டுதான் போகும். தலையில் அகன்ற தொப்பி, காலில் குதி உயர்ந்த பூட்ஸ், இடுப்புப் பெல்ட்டில் சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளிக் கொக்கி. இளமையில் ஏதோ ஒரு ரோடியோ போட்டியில் கன்றுக்குட்டியைக் கயிறு வீசிப் பிடித்ததற்காகக் கிடைத்த கொக்கி அது. ஊரில் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். அணிந்திருப்பவர் மட்டும் பார்த்துப் பல வருடம் ஆகிறது. நடுவில் வயிறு வந்துவிட்டது.

விலங்கியல் புத்தகத்தில் இவருக்குப் பெயர் இல்லை. நான் இவரைப் பதினைந்து அங்குலக்காரர் என்று அழைக்கிறேன்.

சேணத்தின் இருக்கையை முன்கொம்பின் அடியிலிருந்து பின் விளிம்பு வரை அங்குலக் கணக்கில் அளப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பதின்மூன்று. கொடிபோல் இருக்கும் இருபது வயதுக்காரனுக்குப் பதினைந்து. வீடு வாசல் என்று ஆகிவிட்ட ஆளுக்குப் பதினாறு. காலையில் மூன்று முட்டையும் பன்றி இறைச்சியும் குழம்பு ஊற்றிய பிஸ்கட் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, நேற்று மிச்சமான ஆப்பிள் பை பலகாரத்தையும் வீணாக்க மனமில்லாதவருக்குப் பதினேழு. இதில் அவமானம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள். செருப்பு எண்ணில் இல்லாத அவமானம் சேண எண்ணில் எப்படி வந்தது? எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் ஓர் ஆளிடம் அவர் வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கேட்கலாம், எந்தத் தேர்தலில் யாருக்குக் குத்தினார் என்று கேட்கலாம், மனைவி ஏன் விட்டுப் போனாள் என்றுகூடக் கேட்கலாம். அவரது இருக்கை எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்க முடியாது. கேட்டால் பதினைந்து என்பார். இருபது வயதிலும் பதினைந்து, அறுபது வயதிலும் பதினைந்து. மலை தேய்கிறது, ஆறு திசை மாறுகிறது, இந்த எண் மாறுவதில்லை.

இருக்கை பிடிக்கிறது என்பதை இவர் ஒத்துக்கொள்வார். காரணத்தைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார். முதலில் தோல் சுருங்கிவிட்டது என்பார். வருடத்துக்குப் பன்னிரண்டே அங்குல மழை பெய்யும் வறண்ட பூமியில், மழையில் நனைந்து நனைந்தே இந்த மாவட்டத்துச் சேணங்கள் அனைத்தும் சுருங்கிவிட்டதாகக் கேள்வி. பிறகு அடிவிரிப்பு சரியில்லை என்று புது விரிப்பு வாங்குவார், அது தடிமன் என்று இன்னொன்று வாங்குவார், காலை நுழைக்கும் அங்கவடியை இரண்டு துளை இறக்குவார், ஒரு துளை ஏற்றுவார், இப்போதெல்லாம் கால்சட்டையை ஒழுங்காகத் தைப்பதில்லை என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார், கடைசியில் குதிரையின் முதுகு மாறிவிட்டது என்று சொல்லி, நன்றாக இருந்த குதிரையை விற்றுவிட்டு வேறு குதிரை வாங்குவார். ஒரு மனிதர் இரண்டு அங்குலத்தைத் தவிர்ப்பதற்காக ஆயிரம் பவுண்டு எடையுள்ள மிருகத்தை மாற்றுகிறார். கணக்கில் கெட்டிக்காரர்தான்.

இவரை எனக்கு இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும் என்றால், முப்பத்திரண்டு வருடமாக நான் இந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவர். பொருந்தாத சேணம் குதிரையின் முதுகில் என்ன செய்யும் என்பதை இருநூறு குதிரைகளிலாவது காட்டியிருக்கிறேன். முதுகுமேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் மூன்று விரல் நுழைய வேண்டும், சேணத்துக்குள் இருக்கும் மரச்சட்டம் தோள் எலும்பின்மேல் ஏறக்கூடாது, பாரம் இடுப்பின்மேல் இறங்கக்கூடாது என்று பதின்மூன்று நிமிடச் சொற்பொழிவு ஒன்று என்னிடம் தயாராக இருக்கிறது. யாருக்காகவும் நான் உண்மையை மறைத்ததில்லை. "உங்க குதிரை நூத்தம்பது பவுண்டு கூட இருக்கு. ஓட்ஸை நிறுத்துங்க. பாவம் பாக்காதீங்க," என்று உரிமையாளரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். குதிரையின் மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டு எண்ணை உரக்கப் படித்துமிருக்கிறேன். மற்றவர்களைப் பற்றிய உண்மையில் எனக்கு அப்படியொரு பற்று.

என் சேணம் பதினைந்து அங்குலம். இருபத்தாறு வயதில், நூற்று ஐம்பது பவுண்டு எடையில் வாங்கியது. இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எடையைச் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் என் சொந்த வேடிக்கையாகவே இருந்திருக்கும், இலையுதிர் காலத்து மாடு இறக்கம் மட்டும் இல்லாவிட்டால். கோடை முழுக்க மலைமேல் மேயும் மாடுகளைப் பனி விழுவதற்குள் கீழே இறக்க வேண்டும். பல பண்ணைகளின் மாடுகள், பத்துக் குதிரைகள், மூன்று நாள். ஊரில் நான் எத்தனை பசுவுக்குப் பிரசவம் பார்த்திருந்தாலும், வருடத்தில் இந்த மூன்று நாளுக்காகத்தான் மற்ற முந்நூற்று அறுபத்திரண்டு நாளும் நான் மருத்துவராக இருக்கிறேன். வேறு எதிலும் எனக்குக் கவித்துவம் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டையும் படுக்கைகளையும் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டி ஒன்று கீழ்ப்பாதையில் வரும். அதை ஓட்டுகிறவர் ஒரு காலத்தில் குதிரையில் வந்தவர். யாரும் யாரிடமும் உனக்கு வயதாகிவிட்டது என்று சொல்வதில்லை; நாங்கள் அவ்வளவு முரடர்கள் அல்ல. வண்டிக்கு ஒரு நம்பகமான ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்வோம். சொன்ன பிறகு அந்த ஆள் வண்டியில் ஏறுவார். ஏறியவர் ஒருவரும் திரும்பக் குதிரையில் ஏறியதில்லை. நம்பகமான ஆள் என்ற சொல்லைவிட மரியாதையான ஈமச்சடங்கை நான் கண்டதில்லை.

போன வருடம் மூன்றாம் நாள் மதியம் நான் குதிரையிலிருந்து இறங்கினேன். என் கால்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. நடுவில் இன்னும் குதிரை இருப்பதாகவே நினைத்து அகன்று நின்றன. கூட்டத்தின் தலைவர் ஹோய்ட் மக்கேப், என் வயதுக்காரர், என்னைவிட அரை ஆள் அகலம், காப்பிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார். நான் எட்டு வைக்கப் பார்ப்பதைச் சற்று நேரம் ரசித்தார்.

"டாக்டரே, நம்ம வண்டிக்காரர் அரிசோனாவுல மக வீட்டோட போறாராம்."

"நல்லதுதானே. அங்க குளிரு கிடையாது."

"அடுத்த வருஷத்துக்கு ஒரு நம்பகமான ஆள் தேடணும்." காப்பியை ஊதினார். "அவசரமில்ல. யோசிப்போம்."

யோசிப்போம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அடுத்த செப்டம்பரில் நான் மூன்று நாளும் நிமிர்ந்து உட்கார்ந்து, இறங்கி, மனிதனைப் போல நடந்து காட்டாவிட்டால் வண்டிச் சாவி என் கையில்.

வசந்த காலத்தில் என் குதிரையும் சாட்சி சொல்ல ஆரம்பித்தது. பிஸ்கட் என்று பெயர், மஞ்சள் நிறம், யாரிடமும் வம்புக்குப் போகாது. அதன் இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் கை வைத்தால் முதுகை நெளித்தது. பதினைந்து அங்குலத்தில் அடங்காத ஆள் பின் விளிம்பின்மேல் ஏறித்தான் உட்காருவான். பாரம் எல்லாம் குதிரையின் இடுப்பில் இறங்கும். முதல் வருட மாணவனுக்குத் தெரியும். நான் பிஸ்கட்டின் பல்லைப் பார்த்தேன். குளம்பைப் பார்த்தேன். ரத்தம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினேன். என் மனைவி மார்லீன் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேணத்தைப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். சேணத்துல ஒரு கோளாறும் இல்ல."

"சேணத்துக்கு மேல பாத்தியா?"

முப்பது வருடத் திருமணத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பழகிவிடுகிறோம். நான் பிஸ்கட்டின் காதைச் சோதித்தேன்.

கடைசியில் ஜூலையில் ஒரு நாள், எங்கள் ஊரிலேயே நல்ல சேணக்கடை இருக்கும்போது, தொண்ணூறு மைல் தள்ளி இருக்கும் இன்னோர் ஊருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஆட்டு மருந்து வாங்க என்று வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் ஆடு கிடையாது.

கடையின் சொந்தக்காரி ஜோசெட் இரியார்ட். அவளுடைய முன்னோர்கள் ஐரோப்பாவின் பாஸ்க் நாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர்கள். அவள் ஆட்டை விட்டுவிட்டுத் தோலுக்கு மாறினாள். காதில் பென்சில், கையில் மெழுகு, முகத்தில் எதையும் கேட்டு வியக்காத ஒரு சாந்தம். கடை நடுவில் வரிசையாக மரக்குதிரைகள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு சேணம்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள்.

"எனக்கில்ல. எங்க மச்சானுக்கு."

"உங்க மச்சானுக்கு." பென்சிலை எடுத்தாள். "இந்த மாநிலத்துல ஒரு மச்சான் இருக்காருங்க. பெரிய உடம்பு. அவருக்குச் சேணம் வாங்க மாசம் நாலு பேர் வராங்க. அவரை மட்டும் நான் இன்னும் பாத்ததில்ல. உங்க ஒசரம்தானா அவரு?"

"ஏறக்குறைய."

"அப்ப நீங்க ஏறி உக்காருங்க, அவருக்குப் பதிலா."

பதினைந்தில் ஏறினேன். அவள் என் வயிற்றுக்கும் சேணத்தின் முன்மேட்டுக்கும் நடுவில் விரலை நுழைக்கப் பார்த்தாள். "இங்க நாலு விரல் போகணும். மச்சானுக்கு ஒரு விரலும் போகல." பதினாறில் ஏறினேன். இரண்டு விரல். அப்புறம் அவள் என் முழங்காலைத் தட்டினாள். "வயித்தைப் பத்தி நான் பேசவே இல்ல. உங்க மச்சானுக்குத் தொடை நீளம். நீளத் தொடைக்காரங்க சின்னதுல உக்காந்தா முட்டி முன்னால தள்ளும், அவங்க பின்னால தள்ளுவாங்க. எலும்புதான் காரணம்."

தொடையெலும்பு இருக்கையின் அளவைத் தீர்மானிக்கும் என்பது சுத்தமான உண்மை. ஆனால் அந்தக் கடைக்கு வரும் எல்லா ஆண்களுக்கும் தொடை நீளம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் மாநிலத்தில் நாரை இனம் ஒன்று மறைந்து வாழ்வதாக நினைக்கத் தோன்றும்.

"இன்னொண்ணு," என்றாள். "முன்பக்கம் செங்குத்தா ஏறுற இருக்கை ஆம்பளைக்கு வேணாம். பொம்பளைங்க இடுப்பெலும்பு அகலம், தாங்கும். உங்களுக்கு ஒடுக்கம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன்னால சறுக்கிப் போய் எதுமேல உக்காருவீங்கன்னு நான் சொல்லணுமா? நீங்க டாக்டர்தானே, காருல எழுதியிருக்கே."

"குதிரை டாக்டர்."

"சமாச்சாரம் ஒண்ணுதான்."

ஒன்று அல்ல. பிஸ்கட்டுக்கு அந்தக் கவலை கிடையாது; காயடித்தவன் நான்தான். அதை அங்கே சொல்லவில்லை.

அப்போதுதான் கடையின் அந்தக் கோடியில், தூணுக்குப் பின்னால், இன்னொரு மரக்குதிரையின்மேல் ஓர் ஆள் இருப்பதைக் கவனித்தேன். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். முகத்தில் தேவாலயத்தில் நிற்பவரின் நிம்மதி. ஹோய்ட் மக்கேப்.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். இறங்கி ஓட முடியாது; அந்த உயரத்திலிருந்து இறங்க அவருக்கு ஒரு நிமிடமாவது ஆகும். எனக்கும்தான்.

"டாக்டரே," என்றார்.

"ஹோய்ட்டு."

"எங்க மச்சானுக்காக வந்தேன்."

"நானும்."

ஜோசெட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் இருவரும் நகராத இரண்டு குதிரைகளின்மேல் அருகருகே உட்கார்ந்து, இந்த வருடம் வைக்கோல் எப்படி, மழை எப்படி என்று கால் மணி நேரம் பேசினோம். இருவருடைய மச்சானும் எந்த ஊர் என்று இருவரும் கேட்கவில்லை. ஹோய்ட்டுக்கு அக்கா தங்கை கிடையாது. மார்லீன் தன் வீட்டில் ஒரே பிள்ளை.

ஹோய்ட் ஒரு வழியாக இறங்கிப் போன பிறகு நான் பதினேழில் ஏறினேன். என்ன சொல்ல? முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தத்தம் வீட்டுக்குத் திரும்பின. முன்னால் நான்கு விரல், பின்னால் ஒரு கை அகலம், குதிகால் இடுப்புக்கு நேர் கீழே, அங்கவடியில் எழுந்து நின்றால் இருக்கைக்கும் எனக்கும் நடுவில் மூன்று விரல். முப்பத்திரண்டு வருடம் ஒரு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவனை யாரோ உள்ளே வந்து உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. தோல் மெழுகின் வாசனை என்று சொன்னேன்.

பிஸ்கட்டின் முதுகு வளைவுக்கு ஏற்ப நான் வளைத்துக் கொண்டுபோயிருந்த கம்பியை வைத்து ஜோசெட் மரச்சட்டத்தையும் சரிபார்த்தாள். பிறகு சேணத்தின் இடது பக்க மடலைத் தூக்கினாள். அதன் அடியில்தான் அளவைப் பொறிப்பார்கள்.

"என்ன நம்பர் அடிக்கட்டும்?"

"அளந்து பாத்து அடிக்கிறதுதானே வழக்கம்?"

"பொம்பளைங்களுக்கு." எண் அச்சுகள் இருந்த பெட்டியைத் திறந்து வைத்தாள். ஒன்றும் ஐந்தும் தேய்ந்து முனை மழுங்கிக் கிடந்தன. ஏழு, வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளத்தது. "மச்சான் என்ன நம்பர்னு சொல்றாரு?"

மச்சான் சொன்னார். அவள் சுத்தியலை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

இது பொய் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் மறுக்கிறேன். பொய் என்றால் கேட்பவர் நம்ப வேண்டும். சேணத்தின் மடலைத் தூக்கிப் பார்க்கும் கெட்ட வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் நம்பாத எண்ணை, உண்மை தெரிந்த ஒருத்தியே பொறித்தால் அது அலங்காரம்.

செப்டம்பர் வந்தது. மலையேறினோம். வண்டிக்கு இன்னும் ஆள் அமையாததால் முதல் நாள் மட்டும் மார்லீன் ஓட்டி வந்தாள். ஹோய்ட் குதிரையை என் பக்கம் செலுத்தி, என் புதுச் சேணத்தைப் பார்க்காமல் பார்த்தார். நான் அவருடையதைப் பார்க்காமல் பார்த்தேன். ஒன்பது ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் ஹோய்ட்டின் தம்பி மகள், பெயர் ரூத்தான், இருபத்துநாலு வயது, எங்கள் ஒன்பது பேரையும் சேர்த்து எடை போட்டாலும் குதிரையேற்றத்தில் அவள் பக்கம்தான் தட்டு இறங்கும். மேற்குப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவில் இறங்கிக் காளைகளை வெளியே விரட்டுவது அவள் வேலை. வேறு யாராவது அங்கே இறங்கினால் காளைகள்தான் எங்களை விரட்டும்.

அந்த முற்பகலை நான் மறக்க மாட்டேன். புல் மஞ்சளாகியிருந்தது, குளிர் காற்று, பிஸ்கட் காதை முன்னால் நிமிர்த்திக்கொண்டு ஒரு நெளிவும் இல்லாமல் நடந்தது. எனக்கு எங்கும் வலிக்கவில்லை. மூன்று நாள் அல்ல, முப்பது நாள் போவேன் என்று தோன்றியது. ஹோய்ட்டே சொன்னார்: "டாக்டரே, இன்னிக்கு நல்லா உக்காந்திருக்கீங்க. வண்டிக்கு வேற ஆள்தான் பாக்கணும்போல."

மதியத்துக்குச் சற்று முன் ஓடையைக் கடக்கும்போது ரூத்தானின் குதிரைக்கு ஈரப் பாறையில் கால் வழுக்கியது. அவள் தாவிக் குதித்துவிட்டாள். குதிரை மல்லாந்து உருண்டு எழுந்தது. ஓடிப்போய் நான்கு காலையும் தடவிப் பார்த்தேன், சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் சேணத்தின் மரச்சட்டம் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. அதைப் போட்டால் ஒடிந்த மரம் குதிரையின் முதுகைக் குத்தும்.

ரூத்தான் உடைந்த சேணத்தைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"எனக்குப் பதினஞ்சு வேணும். யாரோடது பதினஞ்சு?"

எளிய கேள்வி. ஒன்பது ஆண்கள் குதிரைமேல் இருந்தோம். ஒன்பது பேரும் வாழ்நாளெல்லாம் பதினைந்து என்று சொல்லி வந்தவர்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஒருவருக்குத் தூரத்தில் ஏதோ கன்று தெரிந்தது.

அவள் பொறுமை இழந்து ஹோய்ட்டின் சேண மடலைத் தூக்கிப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வழக்கம் தெரியாது.

"பெரியப்பா, உங்களோடது பதினஞ்சுன்னு போட்டிருக்கே."

"நான் முன்னால போகணும்மா. மாடு என் குரலுக்குத்தான் வரும்." ஹோய்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "டாக்டரோடதும் பதினஞ்சுதான். கடையில நானே பாத்தேன்."

கதையை இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். பதினேழு. சொன்னால் அவள் வேறு யாருடையதையாவது தேடிப் போவாள், நான் என் சேணத்தில், என் குதிரையில், என் மூன்று நாளை முழுதாக முடிப்பேன். சொல்லாவிட்டால் சேணம் அவளுக்கு, நான் கீழே. ஒரு பக்கம் வருடம் முழுக்கக் காத்திருந்த ஒன்று; இன்னொரு பக்கம் யாரும் நம்பாத ஓர் எண். எந்த முட்டாளுக்கும் எது பெரிது என்று தெரியும்.

கரையோரப் பாதையில் நின்ற பிக்கப்பின் ஜன்னல் வழியாக மார்லீன் தலையை நீட்டினாள். "சொல்லிடேன்."

"என்னத்தை?"

"உனக்கே தெரியும்."

நான் பிஸ்கட்டிலிருந்து இறங்கினேன். அன்று மிக அழகாக இறங்கினேன், கால்கள் இரண்டும் சொன்னபடி கேட்டன. அதை யாரும் கவனிக்கவில்லை. வாரை அவிழ்த்துச் சேணத்தை ரூத்தானின் குதிரைமேல் நானே தூக்கி வைத்தேன். முதுகுமேட்டில் மூன்று விரல் நுழைந்தது. குதிரைக்குப் பொருந்திவிட்டது; குதிரைகள் எண்ணைப் படிப்பதில்லை.

ரூத்தான் அங்கவடியை ஐந்து துளை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். முன்னால் நகர்ந்தாள். பின்னால் நகர்ந்தாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள், யாராவது கூட வருகிறார்களா என்பது போல.

"டாக்டர், இது பதினஞ்சா?"

"பதினஞ்சுதாம்மா."

"கொஞ்சம்... தாராளமான பதினஞ்சு."

"தோலு விரிஞ்சிருக்கும்மா," என்றார் ஹோய்ட். மற்ற ஏழு பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். இந்த வட்டாரத்தில் தோல் விரிந்ததாக நான் கேட்டது அதுவே முதல் முறை.

அவள் குளிர்ச்சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தன் முதுகுக்குப் பின்னால் திணித்துக்கொண்டு பள்ளத்தாக்கை நோக்கிப் போனாள். ஹோய்ட் என் பக்கமாகக் குதிரையை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார்.

"டாக்டரே, பெரிய உதவி. நீங்க ரொம்ப நம்பகமான ஆள்."

மார்லீன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள். நான் ஓட்டினேன். பிஸ்கட் வெறும் முதுகோடு பின்னால் வந்தது. கீழ்ப்பாதையின் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். மேலே சரிவில் நானூறு மாடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கின. எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் விசிறிபோல் விரிந்து அவற்றை அணைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த விசிறியில் ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபுறத்துக் குதிரைகளும் நெருங்கி வந்து அதை அடைத்துவிட்டன. மார்லீன் ஒரு சாண்ட்விச்சைப் பிட்டுப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள்.

அடுத்த செப்டம்பருக்கான பெயர்ப் பட்டியல் சென்ற வாரம் வந்தது. என் பெயர் வண்டிக்கு நேரே இருக்கிறது. ஹோய்ட் இன்னும் பதினைந்தில்தான் போகிறார். ஊரில் எவரேனும் கேட்டால் நானும் பதினைந்துதான்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். குதிரையே ஏறியறியாதவர்களுக்கு இதைக் கேட்டுச் சிரிக்க முழு உரிமை உண்டு. ஒன்று மட்டும் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். இந்தப் பக்கத்தைக் கையை முழுக்க நீட்டி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டுதானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? போன வருடம் இவ்வளவு தள்ளிப் பிடிக்கவில்லையே. கண்ணைச் சோதிக்க வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. இப்போதெல்லாம் எழுத்தைத்தான் ரொம்பப் பொடியாக அச்சடிக்கிறார்கள்.